பொட்டு வைத்த குண்டு விமானம்

உப்பளம் பகுதியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் சினிமாக்காரர்கள் ஒரு குண்டு விமானம் கட்டினார்கள். ஏதோ பழைய யுத்தக் கதையாம். பிளைவுட், தெர்மாகோல், உள்ளே இரும்புக் குழாய், மேலே பச்சைப் பெயின்ட். ஒரு முழம்கூடப் பறக்காத அந்தச் சாமானோடு செல்ஃபி எடுக்க நெல்லித்தோப்பிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

ஷூட்டிங் முடிந்து அவர்கள் போய்விட்டார்கள். விமானத்தைப் பிரித்து ஏற்றிப்போக லாரி வரும் என்றார்கள். அது சரியாக கோல் போஸ்ட்டுக்கு முன்னால் நின்றது. பத்தாவது படிக்கும் என் மகள் அப்போது பெண்கள் கால்பந்து மாநில அணித் தேர்வுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு மைதானம்தான். லாரி வரும்வரை ரோட்டில் ஆடினாள்.

லாரிக்கு முன்னால் ஆயுத பூஜை வந்துவிட்டது. எங்கள் தெருவில் ஒரு இளைஞர் மன்றம் உண்டு. இளைஞர் என்பதெல்லாம் போர்டில்தான், தலைவர் பேரன் எடுத்தவர். பைக், ஆட்டோ, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்தவர்கள், கை சும்மா இருக்காமல் விமானத்துக்கும் சந்தனம் குங்குமம் அப்பி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். அதுவும் வண்டிதானாம். சுற்றாத சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வேறு.

அந்த வாரமே லாரி வந்தது. தலைவர் வழிமறித்தார்.

"பூஜ போட்ட பொருளுங்க. கடப்பார வெச்சா குடும்பத்துக்கு ஆவாது."

லாரிக்காரர் குங்குமத்தைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், கிளம்பிப் போனார். தெர்மாகோலுக்குப் பயப்படுகிற கூட்டத்திடம் என்ன பேசுவது? வெள்ளிக்கிழமை கற்பூரம் ஏற்றவும் ஆரம்பித்தார்கள். அன்று சாயங்காலம் என் மகள் ரோட்டில் விழுந்து, முட்டியெல்லாம் ரத்தமாக வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை நானே கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். நான் ரத்தம் கக்கிச் சாவதைப் பார்க்கத் தெருவே தள்ளி நின்றது. ஒரு இறக்கை விழுந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவுதான், பக்தி போய் ஆசை வந்துவிட்டது. சாக்கோடு ஓடிவந்தார்கள், பிளைவுட்டுக்குச் சண்டை போட்டார்கள். தலைவர் வீட்டுக் கோழிக் கூண்டுக்கு அந்த இறக்கைதான் கூரை, குங்குமத்தோடு.

இரண்டு நாளில் மைதானத்தில் ஃபிளெக்ஸ் முளைத்தது: 'பெண்கள் கால்பந்துக்காக மைதானத்தை மீட்ட மன்றம்.' கோல் போஸ்ட்டுக்கு நடுவே கும்பிட்டபடி நின்ற தலைவர், போட்டோக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் மகளைக் கூப்பிட்டார்.

"வாம்மா, வந்து பக்கத்துல நில்லு."

"தள்ளுங்க பெரீப்பா. ஞாயித்துக்கெழம செலக்சன். நான் அடிக்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே நின்றார். அவள் பந்தை வைத்தாள், பின்னால் போனாள், ஓடிவந்து அடித்தாள். அது அவர் காதை உரசிக்கொண்டு வலைக்குள் போனது. மன்றத் தலைவர் வேட்டியை வாரிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த பந்தை எடுத்து வைத்தாள்.