தலை குனிந்த செவ்வாய்க்கிழமை

லீனா ஷ்ராக் என் அண்ணன் மனைவி. கான்சாஸில் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் சமையல் அவள் கைதான். செவ்வாய்க்கிழமை என்றால் பீன்ஸ் குழம்பும் பட்டைப்பொடி தூவிய ரொட்டிச் சுருளும். அந்த மணம் கோதுமை வயல் வரை மிதந்து வரும். பனி பெய்கிற நாளில் ஊரே அரைத்தூக்கத்தில் அதை முகர்ந்துகொண்டு கிடக்கும்.

பரிமாறும் முன் அண்ணி கரண்டியோடு தலை குனிந்து நிற்பாள். எங்கள் மென்னோனைட் கிறிஸ்தவ சபையில் சாப்பாட்டு ஜெபம் மௌனம்தான். அதில் என்ன வேண்டிக்கொண்டாய் என்று புருஷன்கூடப் பெண்டாட்டியைக் கேட்கமாட்டான். வரிசையில் நிற்கும் பிள்ளைகளும் தாமாகவே அடங்கிவிடுவார்கள். நீராவி மட்டும் எழுந்துகொண்டிருக்கும்.

ஜெபத்துக்காகப் பிள்ளைகளைக் காக்கவைக்கக் கூடாது என்று நிர்வாகம் கண்டித்தது. அவளும் விட்டுவிட்டாள். என் அண்ணன் ஆர்லினை அடக்கம் செய்த பிறகு வந்த செவ்வாய்க்கிழமை மறுபடி நின்றாள். குழம்பு ஆறும்வரை நின்றாள். வேலை போயிற்று.

அப்புறமென்ன! கோர்ட்டு என்றாலே ஒதுங்கிப்போகிற எங்கள் சபை வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பியது. விசிட்டாவிலிருந்து டெலிங்கர் என்ற வக்கீலைக் கூட்டிவந்தார்கள்.

"ஜெபம் பண்ணினதுக்குத்தான் தூக்கினாங்கன்னு காட்டினாப் போதும்மா. வேலை திரும்பக் கிடைச்சிரும்" என்றார் அவர்.

ஆர்லின் இல்லாத வீட்டில் அண்ணிக்குப் பகல் நகரவில்லை. அந்தப் பள்ளி அடுப்படி அவளுக்கு வேண்டியிருந்தது. சம்மதித்தாள். அன்று ஜெபித்தாயா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்பது வழக்கமில்லையே!

கூண்டில் வேதப்புத்தகத்தை நீட்டினார்கள். அண்ணி கை வைக்கவில்லை.

"சத்தியம் பண்ணாதேன்னு அதுக்குள்ளயேதான் இருக்கு, ஐயா. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அவ்வளவுதான்."

நீதிபதி சிரித்தபடி தலையசைத்தார்.

"அன்னிக்கு நீங்க ஜெபம்தானேம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்றார் டெலிங்கர்.

ஜன்னலுக்கு வெளியே பனி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆமா என்று சொல்லித்தொலையேன், அண்ணி!

"இல்ல."

"என்னம்மா?"

"தினமும் பண்ணுவேன். அன்னிக்குப் பண்ணல. ஆண்டவர் ஆர்லினை எடுத்துக்கிட்டாரேன்னு கோவம். அவரோட பேச்சுவார்த்தையே இல்ல. நிமிர்ந்தா புள்ளைங்க முன்னாடி அவரைத் திட்டிருவேனோன்னுதான் குனிஞ்சே நின்னேன்."

எங்கள் ஆட்கள் முகத்தில் ஈயாடவில்லை. வழக்கு தோற்றது. திரும்பி வரும்போது காரில் நான் பொரிந்து தள்ளினேன்.

"ஒரு ஆமா! அதுக்கென்ன கேடு? திரும்பக் கிடைக்கிற வேலையும் போச்சு!"

"கேட்டாங்க, சொன்னேன். ரோட்டைப் பாத்து ஓட்டுடி."

வீட்டில் எனக்கும் சூப் ஊற்றி வைத்துவிட்டுத் தலை குனிந்தாள். நானும் குனிந்தேன். வெளிச்சம் சாம்பலாகி, ஜன்னலும் வயலும் ஒன்றாய்க் கரைந்தன. ஆவி அடங்கிவிட்டது. அவள் நிமிரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"அண்ணி, இன்னும் கோவமா?"

"கோவம்தான்" என்றாள், கண்ணைத் திறக்காமல். "ஆனா பேச ஆரம்பிச்சுட்டேன். நடுவுல பேசாத."