துருவுக்கு மின்னூலகம் காட்டிய ஆள்

இரண்டாயிரங்களின் தொடக்கம். புனேயில் எங்கள் ஆய்வகத்துக்கு மின்னூலகம் வந்த புதிது. நம் கட்டுரையைக் கொடுத்தால், தொடர்புள்ளவற்றை அதுவே தேடித் தருமாம். எந்திரத்துக்கு என்ன தெரியும் என்ற எரிச்சலோடு, இரும்புத் துரு பற்றிய என் கட்டுரையைக் கொடுத்தேன். அது ஒரு தாவரவியல் கட்டுரையை நீட்டியது! திட்டிக்கொண்டே படித்தேன். வேப்பிலைச் சாறு பட்ட இரும்பில் துரு ஏறவே இல்லையாம். மாதக்கணக்கில் நான் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு விடை! எழுதியவரின் முகவரியோ எங்கள் வளாகத்திலேயே, அடுத்த கட்டடம்.

அச்செடுத்துக்கொண்டு ஓடினேன். அங்கே இருந்தவர், புறநகரான ஆகுர்டியிலிருந்து தினமும் என்னோடு ஷேர் ஆட்டோவில் வரும் பெண். வெயிலையும் டிராஃபிக்கையும் பற்றி ஹிந்தியில் பேசுவோம், அவ்வளவுதான்.

"அட, நீங்கதானா அது!" என்று என்னை மறந்து தமிழில் கத்திவிட்டேன்.

அவர் துள்ளி எழுந்தார். "ஏனுங்க, நீங்க தமிழா? இத்தன நாளா ரெண்டு பேரும் சேர்ந்து ஹிந்தியக் கொன்னுட்டிருந்தோமே!"