அம்மா கொண்டுவந்த கல்

ஆமையின் வாயைப் புண்ணாக்கியவள் நான். அந்தப் பழியை என் அம்மாவின் மேல் போட்டவளும் நான்தான். இதை முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் அஞ்செட்டியில் களை எடுக்கும்போது அம்மாவுக்குக் கிடைத்த ஆமை அது. ஓசூரில் எனக்குக் கம்பெனி வேலை கிடைத்து, ஒற்றை அறையில் குடியேறியபோது கூடையில் வைத்துக் கொடுத்தாள். "திருப்பிப் பேசாது. ஆனா நீ பேசுனா கேக்கும்."

கேட்டது. ஷிப்டு முடிந்து வந்தால் என் குரலைக் கேட்க அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள்?

வழவழப்பான சிமெண்டுத் தரையில் பாலில் நனைத்த பன்னும் வாழைப்பழமும் வைத்தேன். ஒரே வருடத்தில் அதன் மேல் அலகு கிளி மூக்குபோல் வளைந்து இறங்கிவிட்டது.

அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஆமைக்கு பன்னா? நீயாச்சும் ஒழுங்கா துன்றியா பாப்பா?"

அடுத்த முறை வந்தபோது, சொரசொரப்பான பட்டைக் கல் ஒன்றைப் பைக்குள் சுமந்து வந்தாள். "புல்லு, முள்ளு சீவுன சப்பாத்திக் கள்ளி, எல்லாம் இது மேல வெச்சிக் குடு. கொறிக்கக் கொறிக்க தானா தேஞ்சிரும்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். கைநாட்டு வைக்கும் அம்மா எனக்குச் சொல்லித் தருவதா... கல்லை வாளிக்கு அடியில் போட்டேன்.

கம்பெனியில் வார்ப்புத் துண்டுகளின் பிசிறை அரத்தால் ராவுவது என் வேலை. என் கை சுத்தம் என்று சூப்பர்வைசரே சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரத்தை அறைக்கு எடுத்துவந்து, ஆமையின் தலையை விரலிடுக்கில் பிடித்து ராவினேன். அது தலையை உள்ளே இழுத்தது. நான் விடவில்லை. இரும்பு ஒருநாளும் என் பிடியிலிருந்து இப்படி விலகப் பார்த்ததில்லையே... அலகு விரிசல்விட்டு ரத்தம் கசிந்த பிறகுதான் நிறுத்தினேன்.

ஆறு நாள் அது எதையும் தின்னவில்லை. ஏழாம் நாள் வாசலில் அம்மாவின் குரல். கதவைத் திறப்பதற்கு முன், வாளிக்கு அடியிலிருந்து கல்லை உருவி ஆமையின் எதிரே வைத்தேன்.

"நீ குடுத்த கல்லுதான்மா. கடிச்சி ஒடைச்சிக்கிச்சி."

அவள் திட்டுவாள், சந்தேகப்படுவாள் என்று காத்திருந்தேன். "படிக்காதவ... எனக்கு என்னா தெரியும்" என்றாள். ஆமையை முந்தானையில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினாள்.

புண் ஆறிவிட்டது. போன மாதம் ஊருக்குப் போனேன். ஆமை கூடைக்குள், பழஞ்சேலை மேல் கிடந்தது. அம்மா கீரையை வேகவைத்து மசித்து விரலால் ஊட்டிக்கொண்டிருந்தாள். அலகு மறுபடி வளைந்து கீழ்த்தாடையைக் குத்துகிறது. வாய் பாதிதான் திறக்கிறது.

"கல்லு பக்கமே உடறதில்ல பாப்பா. நீ சொன்னதுலேருந்து ஒருநாள்கூட உடல. அப்புறம் எதுக்கு இப்படி வளருது? நீ படிச்சவ, சொல்லு."

ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆமை பிழைத்துவிடும். சொல்லவா... சொன்னால் அந்த முகத்தை அதன் பிறகு எப்படிப் பார்ப்பேன்?

"அதுக்கு வயசாவுதுல்லம்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நான் சொன்னால் அவளுக்கு அது போதும்.

கல் இன்னும் என் அறையில்தான் இருக்கிறது. இன்று காலையும் அதன் மேல்தான் வாளியை வைத்தேன்.