நாத்தனாரோட யூரின் ரிப்போர்ட்

இன்னைக்கு கெலாங் பாத்தா கிளினிக்ல என் நாத்தனாரோட யூரின் ரிப்போர்ட்டப் பார்த்து வயிறெரிஞ்சுட்டேன்.

எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நீர்க்கடுப்பு, ஒரே கிருமி. எந்த மருந்துக்குச் சாகுதுன்னு லேப்ல சோதிச்சிருக்காங்க.

அவளோட கிருமி எல்லா மருந்துக்கும் சாகுதாம். அஞ்சு நாள் மாத்திரையோட முடிஞ்சிடுமாம்.

என்னோடது அஞ்சு மருந்துக்கு அசையவே இல்ல. ஒரு வாரம் தினமும் வந்து ஊசி போட்டுக்கணுமாம்.

டாக்டரம்மா கேட்டாங்க, "ஆண்டிபயாட்டிக் குடுத்தா முழுசா சாப்பிடுவீங்களா?"

"சரியானதும் நிறுத்திடுவேன் டாக்டர். மிச்சத்த பிஸ்கட் டின்ல வெச்சு, அடுத்த தடவை நானே போட்டுக்குவேன்."

"அதான் உங்க கிருமி அந்த மருந்துக்கெல்லாம் பழகிருச்சு."

எனக்குப் பொறுக்கல. "இவளுக்கும் அந்த டின்லேர்ந்துதானே குடுக்கிறேன்! இவளுக்கு மட்டும் எப்படி?"

நாத்தனார் தலையக் குனிஞ்சுகிட்டா. "கோவிச்சுக்காதீங்க அண்ணி. நீங்க குடுத்தது ஒண்ணுகூட நான் சாப்பிட்டதில்ல."

அலமாக்! பத்து வருஷமா "தேங்க்ஸ் அண்ணி"ன்னு சிரிச்சுகிட்டே வாங்கிட்டுப் போனவ லா இவ!

சொந்தக்காரங்களே, நான் குடுத்த மாத்திரைய நம்பி சாப்பிட்டவங்க யாராவது இருந்தா கமெண்ட்ல வாங்க. ஊசி போட தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு.