உச்சி வேளையில் பதிவான குரல்

மீன்கார அக்கா தலையிலிருந்த சட்டியை எங்கள் வீட்டுப் படியில் இறக்கிவைத்தார். சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டார். ஈரக் கையைச் சேலையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் நான் நீட்டிய ஹெட்போனை வாங்கினார். அதை எப்படி மாட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நானே மாட்டிவிட்டேன். மடிக்கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினேன். பதினொரு விநாடி. முதல் ஏழு விநாடிக்கு அவர் முகத்தில் ஒன்றுமில்லை. எட்டாவது விநாடியில் இரண்டு கைகளாலும் காதுகளை இறுக்கிப் பொத்திக்கொண்டார், உள்ளே இருப்பது வெளியே போய்விடக் கூடாது என்பதுபோல. சட்டியில் சாளைமீன் மேல் ஈ மொய்த்தது. அதை விரட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை. "இன்னொரு வாட்டி வைங்க சாரே," என்றார். அன்று ஒன்பது முறை வைத்தேன்.

சுனாமி வந்து ஏழாவது வருடம் அது. நான் தக்கலைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். வீடு குழித்துறையில். கல்யாணமாகி, மூன்று வயதில் ஒரு மகள் இருந்தாள். வாரத்தில் ஆறு நாள் ஒரே பாடத்தை மூன்று வகுப்புகளில் நடத்தும் சலிப்பில் இருந்தவனுக்கு இணையத்தில் ஒரு குழு கிடைத்தது. ஆவிகள் நடமாடுவதாகச் சொல்லப்படும் இடங்களுக்குப் போய், கருவிகளை வைத்து, உண்மையா என்று ஆராயும் குழு. நாகர்கோவிலிலிருந்து நான்கு பேர், திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர்கள் மூன்று பேர், நான், எங்களுக்குத் தலைவராக ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். மின்காந்தப் புலம் அளக்கும் கருவி, வெப்பமானி, ஒலிப்பதிவுக் கருவிகள், இரண்டு கேமராக்கள் எல்லாம் சேர்த்து வாங்கியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பிவிடுவோம். பத்மநாபபுரத்துப் பக்கம் பாழடைந்த ஒரு பெரிய வீடு, மயிலாடியில் கைவிட்ட ஒரு கல்பட்டறை என்று பல இடங்களில் உட்கார்ந்திருக்கிறோம். வௌவாலும் கரப்பானும் தவிர எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. பிசிக்ஸ் சார் சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள். கல்லூரியில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

கடற்கரையில் இடிந்து கிடந்த அக்காவின் வீட்டைப் பற்றிக் குழுவிடம் சொன்னவன் நான்தான். அவரிடம் அனுமதி கேட்கவில்லை. அவர் வருடக்கணக்காக எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர். குளச்சலுக்கு மேற்கே ஒரு சிற்றூர். கணவர் முன்னமே நோயில் இறந்துவிட்டார். இரண்டு பெண்பிள்ளைகள். கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலையில் மூத்தவளைக் கூட்டிக்கொண்டு, பலகாரத்தோடு கடலைவிட்டு உள்ளே தள்ளியிருந்த தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். ஆறு வயதான இளையவளுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பியபோது, "நானும் வாறேன் அம்மே" என்று தெருமுனை வரை கூடவே வந்திருக்கிறாள். அதட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அப்புறம் கடல் வந்தது. பக்கத்து வீட்டம்மாவும் கிடைக்கவில்லை, பிள்ளையும் கிடைக்கவில்லை. மாதா கோயில் பக்கத்தில் மொத்தமாகப் புதைத்தவர்களில் இருந்தாளா, கடலோடு போனாளா என்பது கடைசிவரை தெரியவில்லை. இதையெல்லாம் அவர் எங்கள் வீட்டு முற்றத்தில் மீன் நறுக்கிக்கொண்டே என் அம்மாவிடம் சொன்னதுண்டு. நான் உள்ளே இருந்து கேட்டதுண்டு. ஒருநாள் குழுவில் அடுத்து எங்கே போகலாம் என்ற பேச்சு வந்தபோது, அந்தக் கதையை எடுத்து வைத்தேன். கேட்டவர்கள் முன்னே நகர்ந்து உட்கார்ந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் உச்சி வேளையைத்தான் பேய் நடமாடும் பயந்த வேளை என்பார்கள். அதனால் ஒரு ஞாயிறு நண்பகலில் அங்கே போனோம். கூரை இல்லை. இரண்டு சுவர்களும் சிமென்ட் தரையும் மிச்சம். மக்களெல்லாம் உள்ளே தள்ளிக் கட்டிய குடியிருப்புக்குப் போய்விட்டதால் அந்த வரிசையே ஆளற்றுக் கிடந்தது. மூன்று ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்துவிட்டு, தள்ளிப் போய் ஒரு தென்னை நிழலில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம்.

பதிவைச் சுத்தம் செய்யும் வேலை என்னுடையது. முதல் தடவை கேட்டபோது அலையும் காற்றும்தான் கேட்டன. நடுவில் எங்கோ ஒரு கீச்சு. அலைச் சத்தத்தைக் குறைத்தேன். காற்றைக் குறைத்தேன். கீச்சின் கூர்மையைத் தேய்த்தேன். நான்காவது முறை தேய்த்தபோது, "அம்மே" என்று கேட்டது. ஒருமுறை அப்படிக் கேட்டபின் அதை வேறு எதுவாகவும் கேட்க முடியவில்லை. எதிர்பார்ப்பு காதை ஏமாற்றும் என்று மாணவர்களுக்கு நடத்துகிறவன் நான். ஆனாலும் உடனே அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். மறுநாள் காலை மீனோடு வந்த அக்காவை நிறுத்தினேன்.

உள்ளேயிருந்து வந்த என் அம்மா விஷயத்தைப் புரிந்துகொண்டதும், "செத்தவங்க உயிர்த்தெழுதலுக்கு உறங்கிட்டு இருக்காங்க. அவங்கள ஏன்டே எழுப்புக?" என்று என்னைக் கடிந்துகொண்டார். அக்கா அதற்கு என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்: "எழுப்பல்ல பாட்டி. எனக்க பிள்ளை உறங்கவே இல்ல. என்னைத் தேடீட்டு அங்கன நிக்கா."

அடுத்த நாளிலிருந்து அவர் உச்சைக்கு முன்பே விற்பனையை முடித்துக்கொள்ள ஆரம்பித்தார். பன்னிரண்டு மணிக்கு அந்தத் தரையில் போய் உட்கார்ந்திருப்பாராம். பிள்ளைக்குப் பிடித்த பிஸ்கட் வாங்கிக்கொண்டு போவாராம். எங்கள் குழு அந்தப் பதினொரு விநாடியை இணையத்தில் போட்டது. கேட்டவர்கள் அழுததாக எழுதினார்கள். நாகர்கோவிலில் ஒரு விடுதி ஹாலில் கூட்டம் போட்டோம். நான் திரையில் அலைவடிவத்தைக் காட்டி, இது குழந்தைக் குரலின் அதிர்வெண் எல்லைக்குள் வருகிறது என்று விளக்கினேன். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு முதியவர் என்னிடம் வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு பையனின் புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். "எனக்க மவனுக்கும் ஒண்ணு பிடிச்சுத் தருவியளா சார்?" பார்க்கலாம் என்றேன்.

மூன்றாவது வாரம், ஒரு நீண்ட வீடியோ தயாரிப்பதற்காக, கடற்கரைக்குப் போன அன்றைய கேமராப் பதிவுகளை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கேமராவை, வெட்டிய தென்னங்குற்றியின் மேல் கடலைப் பார்த்து வைத்திருந்தோம். அதை யாரும் முழுக்கப் பார்த்திருக்கவில்லை. இருபத்தாறாவது நிமிடத்தில் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளாட்டுக்குட்டி வந்தது. நின்றது. தலையைத் தூக்கிக் கத்தியது. ஒலிப்பதிவின் நேரத்தோடு பொருத்திப் பார்த்தேன். விநாடி பிசகாமல் அதே இடம்.

அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பொம்பள ஏழு வருஷத்துக்குப் பிறகு இப்பதான் சிரிக்காண்ணு நீதானே சொன்ன? அதைப் போய்க் கெடுக்கணுமா?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னதை நம்பியதால் அல்ல. கைதட்டிய அந்த ஹாலின் முன்னால் போய் நின்று, அது ஆடு என்று சொல்ல எனக்குத் திராணியில்லை. அக்காவின் சிரிப்பு எனக்குக் கிடைத்த சாக்கு. ஐந்து மாதம் அந்தச் சாக்கிலேயே இருந்தேன். அவர் மீன் கொண்டுவரும் நாட்களில், கல்லூரிக்குச் சீக்கிரம் கிளம்பிவிடுவேன்.

அந்த ஐந்தாவது மாதத்தில் அக்காவின் மூத்த மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நிறைமாதம் ஆக இன்னும் சில வாரங்களே இருந்தன. கருங்கலில் கணவன் வீடு. அவன் சவுதியில். வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லை. மருத்துவர் எழுந்து நடமாடக் கூடாது என்று சொல்லியும் பஸ் ஏறி வந்திருந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னபோது மூச்சு வாங்குவது அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அம்மைய வந்து என்கூட நிக்கச் சொன்னேன் சாரே. வரமாட்டேங்கா. உச்சைக்கு அவளை ஒற்றைக்கு விட்டிட்டு வர முடியாதாம். ஒருக்க விட்டிட்டுப் போனதுக்குத்தான் இந்தக் கெதியாம்." வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "செத்த மோளுக்கு அம்மை இருக்கா. உயிரோட இருக்கியவளுக்கு இல்ல."

என்னைத் திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. குரலைத் தாழ்த்தி, "அந்த மெசினுல இன்னொருக்க பிடிச்சு, 'நீ அக்கா கூட போ அம்மே'ண்ணு அவ சொன்னதாட்டு ஒண்ணு கேப்பிச்சுக் குடுப்பேளா? உங்களால முடியும்லா," என்றாள்.

முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்படியானால் அந்த முதல் குரலைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். பிறகு நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து அதைச் செய்ய முடியுமா என்று பார்த்தேன். என் மகளைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு, "போ அம்மேண்ணு சொல்லு" என்றேன். அவள் மைக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள். பதிவாகியும் விட்டது. அதை ஒருமுறை திரும்பப் போட்டுக் கேட்டேன். அழித்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மடிக்கணினியோடு அந்தக் கடற்கரைக்குப் போனேன். அக்கா சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒன்று. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க சாரே, இருங்க" என்று கையால் தரையைத் துடைத்து இடம் விட்டார். தரையில் நாள்பட்ட மணலைக் கூட்டி ஒதுக்கி வைத்திருந்தது தெரிந்தது.

"அக்கா, நான் தப்புப் பண்ணிட்டேன்," என்று சொல்லி வீடியோவைப் போட்டேன். வெயிலில் திரை தெரியவில்லை. சேலை முந்தானையைத் தலைக்கும் திரைக்குமாக மூடிக்கொண்டு பார்த்தார். ஆட்டுக்குட்டி வந்தது. கத்தியது. அடுத்து அந்தப் பதினொரு விநாடியைப் போட்டேன். மறுபடி வீடியோவைப் போட்டேன். அவர் முந்தானையை விலக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"இது நம்ம கோயிலுக்குப் பின்னால உள்ள வீட்டுக்க ஆடு. ரெண்டு குட்டி போட்டுது. இது அதுக்க அம்மைத் தள்ளையைத் தேடிக் கத்தீட்டே நடக்கும்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். கண்கள் காய்ந்திருந்தன. "இது உங்களுக்கு எப்பம் தெரிஞ்சு?"

அங்கே போகும் வழியெல்லாம் இந்தக் கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் தயாரித்திருந்தேன். "நேற்றைக்குத்தான் பார்த்தேன் அக்கா," என்றேன்.

"தெரிஞ்ச ஒடனே ஓடி வந்து சொல்லியேளே," என்றார். பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்தார். "வீட்டில பிள்ளைக்குக் குடுங்க." சும்மாட்டுத் துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மணலில் இறங்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் அந்தப் பாக்கெட்டை வைத்துக்கொண்டு அவருடைய தரையில் நின்றேன்.

அந்த வாரமே அவர் கருங்கலுக்குப் போய்விட்டார் என்று பின்னால் தெரிந்தது. பெண்குழந்தை பிறந்தது. மீன் விற்பதையும் விட்டுவிட்டார். நான் குழுவிலிருந்து விலகினேன். காரணம் கேட்டவர்களிடம் வேலைப்பளு என்றேன். அந்தப் பதிவை நீக்கச் சொல்லி அண்ணாச்சியிடம் ஒருமுறை கேட்டேன். பார்ப்போம் என்றார். இரண்டாவது முறை கேட்கவில்லை. இன்றும் அது இணையத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி, இது ஆட்டுக்குட்டி என்று, யார் வேண்டுமானாலும் எழுதலாம். நான் எழுதவில்லை. புகைப்படம் காட்டிய அந்த முதியவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாரா, எத்தனை நாள் எனக்காகக் காத்திருந்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

சில வருடங்கள் கழித்து மார்த்தாண்டம் பேருந்து நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். தலை நன்றாக நரைத்துவிட்டது. உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு ஏழு வயதுப் பேத்தி நின்றாள். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன். அதற்குள் அவர் கண்டுவிட்டார். "சாரே" என்று உரக்கக் கூப்பிட்டு, அருகே வந்து, அம்மா சுகமா, மகள் எத்தனையாம் வகுப்பு என்று விசாரித்தார். பிறகு பேத்தியின் தோளைத் தட்டி என்னை அறிமுகப்படுத்தினார்.

"மக்ளே, இந்தச் சாரு கள்ளம் பறயாத, உள்ளதை உள்ளபடி சொல்லுத ஆளாக்கும். அன்னைக்கு இவரு வந்து பறஞ்சில்லேண்ணா நான் நீ பிறந்ததைப் பாத்திருக்க மாட்டேன்."

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஐந்து மாதம் அக்கா, நேற்று அல்ல, என்று மட்டும் சொன்னால் போதும். பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஸ் போர்டைக்கூட யாரிடமாவது கேட்டுத்தான் ஏறுவார். இதை எழுத எனக்கு வந்த துணிச்சலில் பாதி அதுதான் என்பதை மறைக்கப் போவதில்லை. அன்று அவர்களுடைய பேருந்து வந்ததும், பேத்திதான் முன்னால் ஓடிப் போய் எழுத்துக்கூட்டி வாசித்தாள். "கருங்கல்தான் பாட்டி, ஏறு," என்று கூப்பிட்டாள். அவள் இப்போது எவ்வளவோ பெரியவளாகியிருப்பாள். எதைக் கொடுத்தாலும் தடங்கலில்லாமல் வாசிப்பாள்.