மிச்சக் கரண்ட்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். நானே முதலில் நம்பவில்லை. ஆனால் என் தங்கையின் கழுத்தை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இதை யாராவது கட்டுக்கதை என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மாப்பிள்ளை, அதாவது தங்கையின் வீட்டுக்காரர், லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். தங்கை முன்னால் கல்லாவில், அவர் பின்னறையில். கைவேலையில் கெட்டிக்காரர். ஒரே குறை, மகா சோம்பேறி. தலைக்கு மேல் ஃபேன் சுழலாவிட்டால்கூட எழுந்து சுவிட்சைப் பார்க்க மாட்டார், பெண்டாட்டியைக் கூப்பிடுவார்.

அன்று ஒரு வாடிக்கையாளரின் லேப்டாப்பில் பிராசஸர் போயிருந்தது. அதே மாடலில் பழையது ஒன்றைப் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வைத்திருந்தார். திரை நொறுங்கி, ஒரு மூலை நசுங்கி, வருஷக்கணக்காகச் செத்துக் கிடந்த லேப்டாப். அதன் பிராசஸரைக் கழற்றி இதில் போட வேண்டும்.

இந்த வேலைக்கு இரண்டு காவல் உண்டு. பேட்டரியை எடுத்த பிறகு பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் அப்போதுதான் வடியும். அப்புறம் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் வயர் நுனியில் உள்ள கிளிப்பை எர்த்தில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் நம் உடம்பில் இருக்கும் மின்சாரமே சிப்பைக் கொன்றுவிடும்.

வாடிக்கையாளரின் லேப்டாப்புக்கு இரண்டையும் ஒழுங்காகச் செய்தார். பழையது மேசையின் மறுகோடியில் இருந்தது; நாற்காலியோடு அங்கே நகர்ந்தார். எர்த்திலிருந்து வயர் எட்டவில்லை. எழுந்து அதை இந்தப் பக்கம் நகர்த்தச் சோம்பல்பட்டு, கிளிப்பைப் பிடுங்கி அந்தப் பழைய லேப்டாப்பின் இரும்புச் சட்டத்திலேயே மாட்டிக்கொண்டார்.

டீ கொண்டுவந்த தங்கை அதைப் பார்த்தாள்.

"ஏங்க, இதுக்குப் பட்டனை அமுக்கலையா?"

"செத்துப்போனதுல என்னடி மிச்சம் இருக்கப் போகுது?"

மதியம் மூன்றரை மணி. ஜன்னல் கண்ணாடியில் வெயில் பளீரென்று அடித்தது. பேய் வருகிற நேரமே இல்லை.

அவர் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, பிராசஸர் மேல் சூட்டை இழுக்க வைத்திருந்த ஹீட் சிங்க்கைத் தூக்கினார். அடியில் தடவிய பேஸ்ட் இத்தனை வருஷத்தில் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்க வேண்டும்.

"ஈரமா இருக்கே," என்றார். விரலைத் தேய்த்துப் பார்த்தார். "சூடாவும் இருக்கு."

'விர்ர்...'

பழைய லேப்டாப்பின் குட்டி ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றது.

பேட்டரி இல்லை. சார்ஜர் இல்லை.

"காத்து," என்றார் மாப்பிள்ளை.

ஜன்னல் மூடியிருந்தது.

சிப் உட்கார்ந்திருந்த சாக்கெட்டின் பூட்டைத் திருப்பினார். பிராசஸரை இரண்டு ஓரமும் பிடித்து, ஆட்டாமல் நேராகத் தூக்க வேண்டும். குனிந்தார். தொட்டார்.

அப்படியே உறைந்துவிட்டார்.

பிறகு மெதுவாக எழுந்து தலையைத் திருப்பினார். முகம் அவர் முகம்தான்... பார்வை அவருடையது இல்லை.

கை அவள் கொண்டையைப் பிடித்தது. நெற்றியை மேசையில் மோதியது.

'தட்!'

டீ கிளாஸ் உடைந்தது. மறுபடியும்... 'தட்!' ரத்தம் அவள் கண்ணுக்குள் இறங்கியது. பத்து வருஷத்தில் ஒரு நாள் கை ஓங்காத மனுஷன்.

"பாஸ்வேர்டைச் சொல்லு."

அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதே இல்லை.

"என்னங்க... எந்த..."

"சொல்லுடி!"

இரண்டு கையும் கழுத்தைப் பிடித்தன. அவள் கால் தரையை விட்டு எழும்பியது. கேஸ் சிலிண்டரை நகர்த்தவே மூச்சு வாங்குகிற ஆள், அவளை அப்படியே தூக்கிவிட்டார்.

மூச்சு இல்லை. இனி பிழைக்க மாட்டோம் என்று தெரிந்துவிட்டது. அப்போது... அவள் வாய் தானாகத் திறந்தது. அவள் நினைக்காத ஒரு சொல் அதிலிருந்து வந்தது.

"குண்டுமணி..."

"பொய்!"

பிடி இறுகியது.

கண் இருட்டியது...

அவள் கை மேசையைத் துழாவியது...

வயர்.

இழுத்தாள்.

'டப்!'

கிளிப் பிடுங்கிக்கொண்டு வந்தது. ஒரு நீலப் பொறி. மாப்பிள்ளை அடியற்ற மரமாகச் சாய்ந்தார்.

கண் விழித்ததும் அவளைப் பார்த்து அலறினாராம்: "ஐயோ, யாருடி உன்னை அடிச்சது?"

நான் போனபோது அவள் கழுத்தில் பத்து விரலும் பதிந்திருந்தன. மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துவிட்டேன். தங்கை குறுக்கே வந்து விழுந்தாள்.

"அவர் இல்லண்ணா. அது அவரே இல்ல."

அடி வாங்குகிற பெண்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அவளை அன்றே வீட்டுக்கு அழைத்துப்போகத் தயாரானேன். போகும் முன், பழைய லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்கை வேறொரு லேப்டாப்பில் மாட்டச் சொன்னேன். பொய்யை அவர்கள் கண்முன்னாலேயே உடைத்துக் காட்டுவது என் எண்ணம். திரை பாஸ்வேர்டு கேட்டது. தன் வாயில் தானாக வந்ததாகத் தங்கை சொன்ன குண்டுமணியை நானே ஆங்கில எழுத்தில் அடித்தேன்.

திறந்துகொண்டது.

உள்ளே கல்யாண போட்டோக்கள். ஒரு பெண்ணும் ஆணும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேறு ரகசியம் எதுவுமே இல்லை.

மறுநாள் பழைய சாமான் கடைக்காரரைப் போய்ப் பிடித்தேன். முதலில் மழுப்பினார். பிறகு கக்கினார். அது அவர் தெருவில் இருந்த ஒரு பெண்ணின் லேப்டாப். புருஷன் சந்தேகப் பிராணி. பாஸ்வேர்டு கேட்டு அந்த லேப்டாப்பாலேயே அவள் மண்டையில் அடித்து, கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டான். அவனும் ஜெயிலிலேயே செத்துப்போனான்.

"பாழாப்போன பாஸ்வேர்டுதானே. சொல்லித் தொலைச்சிருக்கலாமே அந்தப் பொண்ணு," என்றேன்.

"சொன்னாளே தம்பி. குண்டுமணி, குண்டுமணின்னு அவ கத்தினது எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு. அவன்தான் நம்பல."

"யாரு அந்தக் குண்டுமணி?"

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"அவனைத்தான் தம்பி, அவ செல்லமா அப்படிக் கூப்பிடுவா."