பேரச் சொன்னாத்தான் கதவு

ஈரச் சாக்கு வாசனை...

அந்த ரேடியோ ஸ்டூடியோவ நெனச்சாலே எனக்கு மொதல்ல அதான் வரும். எதிரொலி கேக்கக் கூடாதுன்னு செவுரு பூரா சாக்கு அடிச்சிருந்தாங்க. பதுளை மழைக்கு அது காயவே காயாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாடகம். வாரம் ஒரு புதுக் கதை, எல்லாமே லைவ். ரெக்கார்டிங் கெடையாது. யாராவது இருமுனா அதுவும் கதையில சேந்துரும். காஞ்ச எலைய மிதிச்சா காட்டுல நடக்குற சத்தம். சாகுற பார்ட்னா என்னையத்தான் கூப்பிடுவாங்க. அவ்வளவு நல்லா சாவேன்!

எங்க தேயிலைத் தோட்டத்துல ஒரு பழக்கம். கூத்துல செத்த மாதிரி நடிச்சவங்க, முடிஞ்சதும் எந்திரிச்சு சொந்தப் பேரச் சொல்லணும். இல்லாட்டி அந்தச் சாவு மேல ஒட்டிக்குமாம். அம்மாவுக்காக நான் ரேடியோவுலயும் சொல்லுவேன்.

"லுணுகலை செல்வமலர் பேசுறேன், நல்லா இருக்கேன்."

அம்மா லயத்துல, எங்க வரிசை வீட்டுல, அதக் கேட்டுட்டுத்தான் ரேடியோவ நிப்பாட்டும்.

ஒரு வாரம், கெணத்துல விழுந்து சாகுற பொண்ணு நான். ஒரு கத்து கத்துனேன் பாருங்க... அந்த நிமிஷம் கரண்ட் போயிருச்சு. ஸ்டேஷனே கப்சிப். நான் பேர் சொல்லவே இல்ல.

செல்போன் இல்லாத காலம். கடைசி பஸ்சும் போயிருச்சு. ராத்திரி பூரா கூட நடிச்ச பொண்ணு வீட்டுல முழிச்சுக் கெடந்தேன்.

காலையில மொத பஸ்ல போயி லுணுகலையில எறங்கி, பனி மூட்டத்துல லயத்துக்கு ஏறுனேன். எதிர்ல வந்தவங்க ஒதுங்கி வழி விட்டாங்க. ஒருத்தரும் வாம்மான்னு சொல்லல.

எங்க காம்பரா வீட்டுக் கதவு சாத்தியிருந்துச்சு.

"அம்மா..."

"யாரு?"

"நாந்தாம்மா."

"நேத்து ராவும் இப்பிடித்தான் வந்து நாந்தாம்மான்ன. இதே கொரலு. பேரக் கேட்டேன், சொல்லல... விடியிற வரைக்கும் நின்ன."

கீழ பாத்தா, வாசப்படியில ஒரு ஆள் நின்ன அளவுக்கு மட்டும் தண்ணி தேங்கிக் கெடந்துச்சு. அன்னைக்கு அங்க மழையே இல்லன்னு பொறவு சொன்னாங்க.

எப்பிடியோ சொல்லிட்டேன்.

"லுணுகலை... செல்வமலர் பேசுறேன். நல்லா இருக்கேன்."

தாப்பாள் வெலகுச்சு. அம்மா என் மொகத்தத் தடவித் தடவிப் பாத்து அழுதுச்சு. நானும்தான்.

இப்ப எல்லாமே ரெக்கார்ட் ஆகுது. நான் அப்புத்தளைக்கு வந்து ரொம்ப நாளாச்சு. அம்மா வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்பப் பழகுனப்பவும் அந்தப் பழக்கத்த விடல. "ராக்காயி பேசுறேன்டி, நல்லா இருக்கேன்"னுதான் ஆரம்பிக்கும்.

அம்மா போயி வருசம் ஒன்னாச்சு. மனசு ரொம்பத் தேடுது... இன்னைக்கு சாயங்காலம் அந்த வாய்ஸப் போட்டேன்.

அதே கொரலு. பேரும் சொல்லிருச்சு.

எந்திரிச்சுப் போயி கதவத் தொறந்தேன். வெளிய பனி மட்டுந்தான்.

இன்னும் சாத்தல.